மே விடுமுறையில் குடும்பத்தோடு ஆப்பிரிக்க சஃபாரி: 12 நாளை எங்கே செலவழிப்பது?

நீங்கள், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள். மே மாதப் பள்ளி விடுமுறையில் 12 நாள். ஏஜென்ட் கொடுத்திருக்கும் திட்டத்தில் ஜோஹன்னஸ்பர்க் 2 இரவு, கேப் டவுன் 3, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 2, விக்டோரியா அருவி 2, போட்ஸ்வானாவின் சோபே 2. இது சரியா, க்ரூகரைவிட போட்ஸ்வானா மேலா, மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணுமா, நாமே கார் ஓட்டலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "இன்னொரு தடவை போக முடியுமா தெரியாது, அதனால் எதுவும் விட்டுப்போகக் கூடாது" என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் போவோம் என்றால் அந்த 12 நாளை எப்படிப் பிரிப்பது?

என் பதில்: பாதி ஊர்களை விட்டுவிடுங்கள். ஒரே காட்டில் தொடர்ந்து ஆறேழு நாள் இருங்கள். உங்கள் மாதத்துக்கும், பிள்ளைகள் வயதுக்கும், பட்ஜெட்டுக்கும் அந்தக் காடு க்ரூகரின் தெற்கும் நடுப்பகுதியும்தான். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நான் பல வருடங்கள் க்ரூகருக்குத் தெற்கே உள்ள ம்பொம்பேலாவில் (பழைய பெயர் நெல்ஸ்ப்ரூட்) இருந்தவன். காட்டு வழிகாட்டிப் பயிற்சி எடுத்து, குடும்பங்களை உள்ளே கூட்டிப்போவதே வேலையாக இருந்தது. போட்ஸ்வானா, நமீபியா இரண்டுக்கும் பயணியாகப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் க்ரூகர் பற்றிச் சொல்வதைக் கூடுதல் உறுதியோடு எடுத்துக்கொள்ளலாம். மருந்து விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை. அதில் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முதலில் ஏஜென்ட் திட்டத்தை நாள் கணக்கில் அல்லாமல் மணிக் கணக்கில் பாருங்கள். காட்டில் மிருகம் பார்க்கும் நேரம் என்பது விடிந்து மூன்று நான்கு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம். க்ரூகரில் 2 இரவு என்றால் முழுசாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். முன்னும் பின்னும் பயணத்தில் போய்விடும். சோபேயிலும் அதே கதை. ஆக 12 நாள் சஃபாரி என்ற பெயரில் இரண்டு முழு நாள்தான் மிருகங்களோடு இருப்பீர்கள். மீதி நேரம் விமான நிலையம், எல்லைச் சாவடி, பெட்டி கட்டுவது. அந்த இரண்டு நாளில் மழை தூறினாலோ, மகளுக்கு வயிறு சரியில்லாமல் போனாலோ முடிந்தது. காட்டில் அதிர்ஷ்டம் என்பது பெரும்பாலும் எத்தனை காலைப் பொழுது கையில் இருக்கிறது என்பதுதான்.

மே மாதம் எப்படி என்பதைப் பார்ப்போம். அங்கே நமக்குத் தலைகீழ் பருவம். மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், அதில் ஜூன், ஜூலை குளிர். வறண்ட காலத்தில் மிருகம் அதிகம் தெரிவதற்கு எளிய காரணம் உண்டு. மழைக்காலத்தில் புதருக்குள் ஆங்காங்கே சின்னச் சின்னக் குட்டைகளில் தண்ணீர் நிற்கும். மிருகங்கள் ஆற்றுக்கு வர வேண்டிய தேவையே இல்லை. அந்தக் குட்டைகள் காயக் காய எல்லாம் ஆற்றங்கரைக்கும் அணைக்கும் வந்தாக வேண்டும். இலையும் உதிர்ந்து புல்லும் சாய்ந்துவிடுவதால் தூரத்திலிருப்பதும் தெரியும். இதன் உச்சம் ஆகஸ்ட், செப்டம்பர். மே அதற்கு முன்வாசல்: மழை நின்றிருக்கும், வானம் தெளிவாக இருக்கும், பகல் இதமாக இருக்கும், ஆனால் புல் இன்னும் உயரமாக, மஞ்சளடித்து நிற்கும். படுத்திருக்கும் சிங்கத்தைப் பத்தடி தூரத்தில் தாண்டிப் போய்விடலாம். அதனால்தான் மே மாதத்தில் எந்தச் சாலை என்பது முக்கியமாகிறது. இன்னொரு நல்ல விஷயம், ஈஸ்டர் முடிந்து தென்னாப்பிரிக்கப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை தொடங்கும் வரை உள்ளே கூட்டம் குறைவு. நம் டிசம்பர் விடுமுறையில் போனால் மழையும் அவர்கள் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பச்சைப் பசேல் என்று அழகாக இருக்கும், புதிதாகப் பிறந்த இம்பாலா மான் குட்டிகள் துள்ளும், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

க்ரூகர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதை ஒரே காடு என்று நினைத்து வடக்கிலிருந்து தெற்கு வரை ஓட்டிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். வேண்டாம். ஓலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே பெரும்பாலும் மொப்பானி மரங்கள். யானைகளும் பறவைகளும் பிடித்தவர்களுக்குச் சொர்க்கம், ஆனால் குழந்தைகள் மணிக்கணக்கில் மொப்பானிப் புதரையே பார்க்க வேண்டியிருக்கும். தெற்குப் பாதியில் மேற்குப் பக்கம் கருங்கல் பூமி, அடர்ந்த புதர்; கிழக்குப் பக்கம் எரிமலைப் பாறையிலிருந்து வந்த கரிய மண், அதில் மாடு விரும்பும் இனிப்பான புல், திறந்த வெளி. புல் இருக்கிற இடத்தில் வரிக்குதிரையும் வைல்டபீஸ்ட் என்ற பெரிய மானும், அவை இருக்கிற இடத்தில் சிங்கம். பூங்காவுக்குள்ளேயே வேலி போட்ட தங்குமிடங்களைத்தான் கேம்ப் என்பார்கள்; சத்தாரா கேம்பைச் சுற்றிச் சிங்கம் அதிகம் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் அந்த மண்தான்.

அதனால் நான் போடும் திட்டம் இப்படி. ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கிய அன்று விமான நிலையம் பக்கத்திலேயே தூங்குங்கள். இரவுப் பயணம் முடித்து வந்த களைப்பில் அன்றே கார் எடுக்க வேண்டாம். மறுநாள் காலை என்4 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், நடுவில் நிறுத்திச் சாப்பிட்டு, ஆறு மணி நேரத்துக்குள் க்ரோக்கடைல் பிரிட்ஜ் வாசல். அங்கிருந்து லோயர் சாபி கேம்ப் 35 கிலோமீட்டர்தான், ஆனால் உள்ளே தார்ச்சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. வழியில் ஒரு யானைக் கூட்டம் குறுக்கிட்டால் ஒன்றரை மணி நேரம் ஆகும். லோயர் சாபியில் 3 இரவு. பிறகு சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே சத்தாராவில் 3 இரவு. அந்தப் பயணமே அரை நாள் சஃபாரி. அப்புறம் ஓர்பன் வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்திலுள்ள டிம்பவாட்டி போன்ற தனியார் காப்புக்காட்டில் 2 இரவு. கடைசியாக பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைப்பாதையில், கிராஸ்காப் ஊரில் 1 இரவு தங்கி ஜோஹன்னஸ்பர்க் திரும்பலாம். விமானப் பயணத்தோடு 12 நாள் சரியாக வரும்.

லோயர் சாபியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாபி ஆறு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு. மே மாதத்தில் குட்டைகளில் இன்னும் தண்ணீர் இருந்தாலும் ஆற்றோரச் சாலையில் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். கேம்ப் வாசலிலிருந்து சில நிமிடத்தில் சன்செட் டேம். நீர்யானை, முதலை, நாரை, தண்ணீர் குடிக்க வரும் இம்பாலா என எல்லாம் காரிலிருந்தே பக்கத்தில். உங்கள் மகள் முதல் சாயங்காலமே அங்கே ஒரு மணி நேரம் உட்காரட்டும். சிங்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டே ஓட்டும் பயணத்தைவிட, நீர்யானை கொட்டாவி விடுவதை எண்ணும் பயணம் குழந்தைகளுக்குப் பிடிக்கும்; இதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். லோயர் சாபியிலிருந்து ஸ்குகூசா வரை ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. சத்தாராவில் எஸ்100 மண் சாலையை விடியற்காலையில் முதல் வண்டியாகப் பிடியுங்கள்.

நாமே ஓட்டலாமா? தாராளமாக. அங்கே நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். முக்கியச் சாலைகள் தார், மண் சாலைகளும் வறண்ட காலத்தில் சாதாரணக் கார் போகும் அளவுக்கு இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. ஆனால் உட்காரும் உயரம் கொஞ்சம் கூடுதலாக உள்ள எஸ்யூவி எடுங்கள், மே மாத உயரப் புல்லுக்கு அது பெரிய உதவி. நம் லைசன்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் செல்லும். இருந்தாலும் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வையுங்கள். கார் நிறுவனம் ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்கும், அதில் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்கும்; டெபிட் கார்டோடு போய் கவுன்ட்டரில் நிற்க வேண்டாம். பூங்காவுக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஊர்களுக்கு நடுவே ஆடு மாடும் ஆட்களும் குறுக்கே வருவார்கள், குழிகளும் தெரியாது. நகரத்துக்குள் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றி, பையையும் செல்போனையும் கண்ணில் படாமல் வைக்க வேண்டும்.

பூங்காவுக்குள் பயம் வேண்டியது குற்றவாளிகளுக்கு அல்ல, யானைக்கு. சிங்கம் காரை ஒரு பாறை மாதிரிதான் பார்க்கும், நீங்கள் கையைத் தலையை வெளியே நீட்டாதவரை. யானை அப்படி இல்லை. குட்டியோடு நிற்கும் கூட்டத்தின் நடுவே வண்டியைச் செருகாதீர்கள். தனி ஆண் யானை, கன்னத்தில் மதநீர் ஒழுகி, பின்னங்கால் நனைந்திருந்தால், அதற்குச் சாலையை விட்டுக்கொடுத்துப் பின்னால் போய்விடுங்கள். நம் ஊரில் மதம் பிடித்த யானையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும். எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பதற்கு முன், பின்னால் போக இடம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், உங்களுக்குப் பின்னால் நாலு கார் வந்து அடைத்துக்கொண்டால் வழி இல்லாமல் போகும். அனுமதிக்கப்பட்ட இடங்கள் தவிர எங்கேயும் காரை விட்டு இறங்கக் கூடாது, குழந்தைக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தாலும்கூட. அதற்கு ஒரு பாட்டிலோ சின்னப் பாத்திரமோ காரில் இருக்கட்டும். கேம்பில் குரங்கும் பபூனும் குளிர்பெட்டியைத் திறக்கத் தெரிந்தவை. பழத்தை வராந்தாவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

மே மாதத்தில் கேம்ப் கேட் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 5:30-க்கு மூடும். இதில் சலுகை கிடையாது. தாமதமாக வந்தால் அபராதம். காலை 5:45-க்கே கேட்டில் வரிசையில் நிற்பவர்கள்தான் இரவு வேட்டை முடிந்து சாலையிலேயே படுத்திருக்கும் சிங்கங்களைப் பார்ப்பார்கள். பிள்ளைகளை அந்த நேரத்தில் கிளப்புவது கஷ்டம்தான். நைட்டியோடும் கம்பளியோடும் அப்படியே காரில் உட்கார வையுங்கள், ஃபிளாஸ்கில் பால், கையில் பிஸ்கட். 9:30 மணிக்கு ஒரு பிக்னிக் இடத்தில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, 11 மணிக்குள் கேம்புக்குத் திரும்பி, நீச்சல் குளம், தூக்கம், மறுபடி 3 மணிக்கு மேல் கிளம்பலாம். நாள் முழுக்க ஓட்டினால் மூன்றாம் நாள் பிள்ளைகள் காரில் ஏற மாட்டார்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதும் ஒரு வித்தை. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். புதரைப் பார்க்காமல் புதருக்குள் பார்வையைச் செலுத்துங்கள். மரமும் செடியும் செங்குத்துக் கோடுகள். அவற்றுக்கு நடுவே படுக்கைவசமாக ஒரு கோடு தெரிந்தால் அது ஒரு முதுகு. இம்பாலாக் கூட்டம் மேயாமல் எல்லாம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு தும்மல் போலச் சத்தம் கொடுத்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகள் வானத்தில் வட்டமிட்டால் பெரிதாக அர்த்தமில்லை, காற்று ஏறுவதற்காகச் சுற்றும். மரத்தில் வந்து கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கீழே இரை கிடக்கலாம், வேட்டையாடியது இன்னும் அதன் மேலேயே இருக்கலாம். ஆக்ஸ்பெக்கர் குருவிகள் சலசலத்துக்கொண்டு எழுந்தால் பக்கத்தில் காட்டெருமையோ காண்டாமிருகமோ நிற்கலாம். இதையெல்லாம் மகனிடம் சொல்லி வையுங்கள், 11 வயதுப் பையன் இரண்டே நாளில் உங்களை மிஞ்சிவிடுவான். ஆளுக்கொரு பைனாகுலர் கண்டிப்பாக வேண்டும். கேமராவில் லட்சம் போடுவதைவிட நாலு சுமாரான பைனாகுலர் வாங்குவது நூறு மடங்கு நல்லது. ஒன்றை நான்கு பேர் பிடுங்கிக்கொண்டு பார்ப்பதற்குள் சிறுத்தை போய்விடும்.

எது நிச்சயம், எது இல்லை? தெற்கிலும் நடுவிலும் 6 இரவு இருந்தால் யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை, முதலை, பலவகை மான்கள் நிச்சயம் என்றே சொல்லலாம். காட்டெருமை கிட்டத்தட்ட நிச்சயம். சிங்கம் பார்க்க வாய்ப்பு அதிகம், ஆனால் எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நேரம் என்பது யார் கையிலும் இல்லை. சிறுத்தை இருந்தால் இருக்கிறது. சீட்டாவும் ஆப்பிரிக்கக் காட்டு நாயும் கிடைத்தால் கொண்டாடுங்கள். கழுதைப்புலிக் குட்டிகள் சாலைக்கு அடியில் போகும் மதகுக் குழாயில் குடியிருக்கும், காலையில் வெளியே விளையாடும். இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி வரை நினைவிருக்கும். காண்டாமிருகம் முன்பு தெற்கில் எளிதாகத் தெரியும். கள்ள வேட்டையால் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. பார்த்தாலும் கொம்பு வெட்டப்பட்டிருக்கலாம், அவற்றைக் காப்பாற்றப் பூங்காவினரே வெட்டிவிட்டது அது. பார்த்த இடத்தை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். போட்டோவில் இருப்பிடம் பதிவாவதையும் அணைத்து வையுங்கள். உங்கள் பதிவை யார் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

தனியார் காப்புக்காட்டில் 2 இரவு எதற்கு? க்ரூகருக்குள் சாலையை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி கிடையாது. தனியார் காட்டில் திறந்த வண்டி, வழிகாட்டி, முன்னால் உட்கார்ந்து தடம் பார்க்கும் ஆள்; புதருக்குள்ளேயே வண்டியை விடுவார்கள், இருட்டிய பிறகும் ஓட்டுவார்கள். சாபி சாண்ட், டிம்பவாட்டி இவற்றுக்கும் க்ரூகருக்கும் நடுவே 1993-லேயே வேலி எடுத்துவிட்டார்கள், மிருகங்கள் ஒன்றேதான். சிறுத்தையைப் பக்கத்தில் பார்க்க உலகத்தில் சாபி சாண்ட் போல ஒரு இடம் அரிது. ஆனால் விலை எகிறும், ஒரு ஆளுக்கு ஒரு இரவு 10,000 ரேண்டுக்கு (தென்னாப்பிரிக்க நாணயம்) மேல் கேட்கும் லாட்ஜ்கள் அங்கே சாதாரணம். டிம்பவாட்டி, கிளாசெரி பக்கம் அதைவிட இறங்கிய விலையில் கிடைக்கும். முன்பதிவு செய்யும் முன் குறைந்தபட்ச வயதைக் கேளுங்கள்: சில லாட்ஜ்களில் 6, சிலவற்றில் 12. நடைப் பயணம் எங்கே போனாலும் 12 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள், மகன் வருத்தப்படலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த 2 இரவைக் கடைசியில் வைப்பதும் வேண்டுமென்றேதான். முதலில் வைத்தால், பத்தடியில் சிங்கம் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு அப்புறம் சொந்தக் கார் சலிப்பாகிவிடும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் இதை விட்டுவிட்டு, க்ரூகர் கேம்பிலேயே பூங்காவினர் நடத்தும் விடியற்காலை சவாரியையோ இரவு சவாரியையோ எடுங்கள். 6 வயதிலிருந்து அனுமதி உண்டு, கேட் திறக்கும் முன்பே கிளம்புவார்கள். மே மாதத்திலும் திறந்த வண்டியில் காலைக் குளிர் எலும்பைத் தொடும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, காற்று புகாத ஜாக்கெட், குல்லா, கையுறை வேண்டும்.

இனி போட்ஸ்வானா. அது மேலானதா என்றால், காட்டின் தனிமைக்கும் அழகுக்கும் ஆமாம். உலகத்திலேயே யானை அதிகமுள்ள நாடு அதுதான். 2022 கணக்கெடுப்பில் சுமார் 1,30,000. சோபே ஆற்றில் படகில் போகும்போது யானைகள் நீந்திக் கடப்பதைக் கண் மட்டத்தில் பார்க்கலாம். ஒக்கவாங்கோ டெல்டாவில் அங்கோலா மலைகளில் பெய்த மழை பல மாதம் ஊர்ந்து வந்து, உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன், ஜூலையில் வெள்ளமாக நிறையும். ஆனால் அந்த நாடு வேண்டுமென்றே குறைந்த பயணிகள், அதிக விலை என்ற கொள்கை வைத்திருக்கிறது. டெல்டாவுக்குள் உள்ள கேம்புகளுக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும்; ஒரு ஆளுக்கு ஒரு இரவு நூற்றுக்கணக்கான டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும், பல இடங்களில் சின்னக் குழந்தைகளை ஏற்பதில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு போக வேண்டிய இடம். நமீபியாவின் எட்டோஷா சொந்தக் கார் பயணத்துக்கு க்ரூகருக்கு நிகரானது. ஒகாவுக்வேயோ கேம்பின் விளக்கொளி குளத்தில் இரவில் கருப்புக் காண்டாமிருகம் வரும். ஆனால் சரளைச் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், ஆகஸ்ட் செப்டம்பர்தான் உச்சம். மே மாதத்துக்கு அதையும் ஒதுக்குகிறேன்.

ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையிலுள்ள விக்டோரியா அருவியை விட மனம் வரவில்லை என்றால் புரிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் நிறைந்து கொட்டும்; சாரல் மேகம் போல எழும்பிச் சில இடங்களில் அருவியே தெரியாது, ஆனால் அந்த இரைச்சலை நெஞ்சில் உணரலாம். அப்படியானால் கேப் டவுனை முழுசாக எடுத்துவிட்டு, தனியார் லாட்ஜையும் மலைப்பாதையையும் விட்டு, சத்தாராவில் ஓர் இரவையும் குறைத்து, அருவி 2 இரவு, அங்கிருந்து சாலையில் 80 கிலோமீட்டர் சுமாரில் உள்ள சோபேயின் கசானேயில் 2 இரவு என்று வைக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறீர்கள், அதனால் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் இருந்தால் சிக்கல். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்க வேண்டும். ஏஜென்ட் திட்டத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது, அவரிடம் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 2 காலிப் பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நகராட்சிச் சான்றிதழில் பெயர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள், இனிஷியல் விரிவாக்கத்தில் நம்மவர்களுக்கு எப்போதும் பிரச்சினை வரும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குப் பதில் நீங்கள் வாங்கும் டிக்கெட்டில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா நாடுகளில் அந்த நோய் இல்லை. ஆனால் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக மலிவு டிக்கெட் எடுத்தால், எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைநின்றால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். அதைவிட முக்கியம், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் இதில் மிகக் கண்டிப்பு. அந்த நாடுகளிலிருந்து கிளம்பி 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்தால் தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு தரலாம், ஆனால் அது அந்த அதிகாரியின் முடிவு. குழந்தைகளோடு அந்த வாக்குவாதம் வேண்டாம். ஒன்று, துபாய் அல்லது தோஹா வழியாக வாருங்கள், ஊசி தேவையில்லை. அல்லது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும்.

மலேரியா வேறு விஷயம். க்ரூகர் மலேரியா பகுதிதான். ஆபத்துக் காலம் செப்டம்பர் முதல் மே வரை என்று வைத்திருக்கிறார்கள், நீங்கள் அதன் வால் பகுதியில் போகிறீர்கள். ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை, நம் ஊர் வழக்கமான மலேரியாவைவிட வேகமாகக் கெடுக்கும். தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே பேசுங்கள். டாக்சிசைக்ளின் 8 வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, அதனால் மகளுக்கு வேறு மருந்து. சாயங்காலமானால் முழுக்கை, கொசு விரட்டும் க்ரீம். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "ஆப்பிரிக்கா போய்வந்தோம்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாத்திரையே வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிலானஸ்பர்க், போட்ஸ்வானா எல்லையோரம் மடிக்வே, கிழக்கு கேப்பில் அட்டோ என மலேரியா இல்லாத காடுகள் உண்டு. அட்டோ 1931-ல் மிஞ்சியிருந்த 11 யானைகளைக் காக்கத் தொடங்கிய இடம், இன்று நூற்றுக்கணக்கில் யானைகள்.

செலவில் பலரும் மறப்பது பூங்காக் கட்டணம். வெளிநாட்டவருக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரேண்டுக்கு மேல், 11 வயது வரை பாதி. ஒரு ரேண்ட் சுமார் 5 ரூபாய் என்று வைத்தால் உங்கள் நால்வருக்கு 6 நாளைக்கே 50,000 ரூபாய் சுமார் வரும். வைல்ட் கார்டு என்ற வருடாந்திரக் குடும்ப அட்டை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் அது மலிவு. கேம்ப் குடில்களில் ஃபிரிட்ஜ், அடுப்பு, பாத்திரம் இருக்கும், ஆனால் சிலவற்றில் பொதுச் சமையலறை மட்டும்தான், பதிவில் பார்த்து எடுங்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் சுமந்து போக வேண்டாம், விதைகளும் தானியங்களும் விமான நிலையத்தில் பறிபோகலாம். 1860-லிருந்து மதராஸிலிருந்து நேட்டாலுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களின் வாரிசுகள் வாழும் நாடு அது. ம்பொம்பேலா சூப்பர் மார்க்கெட்டிலேயே துவரம்பருப்பும் மசாலாவும் கிடைக்கும். உள்ளே போகும் முன் அங்கே வாங்கிவிடுங்கள், கேம்ப் கடையில் விலையும் அதிகம், காய்கறியும் குறைவு.

வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கேம்ப், அப்புறம் விமானம், அப்புறம் விசா. தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களின் இணையதளத்தில் 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். லோயர் சாபியிலும் சத்தாராவிலும் நால்வர் தங்கும் குடில்கள்தான் முதலில் தீரும். இப்போது இல்லை என்று காட்டினாலும் தினமும் ஒரு முறை பாருங்கள், ரத்தானவை திரும்ப வந்துகொண்டே இருக்கும். லோயர் சாபி கிடைக்காவிட்டால் க்ரோக்கடைல் பிரிட்ஜ், அதுவும் இல்லாவிட்டால் ஸ்குகூசா. எந்தத் தேதிகள் கிடைத்தன என்று இங்கேயே எழுதுங்கள். கேம்ப் மாறினால் எந்த நாள் எந்தச் சாலை என்பதும் மாறும், பார்த்துச் சொல்கிறேன்.